கரண்ட் போனால் காயும் இலைகளை என்ன செய்வது? ஜெனரேட்டர் புகையிலிருந்து காக்கும் வழிகள்

கொழும்பில் முருங்கை இலை, கறிவேப்பிலை, வல்லாரை, துளசி, கற்பூரவள்ளி என்று வீட்டிலேயே காயவைத்துத் தூளாக்குகிறவர்கள் இப்போது நிறையப் பேர். சிலர் வீட்டுத் தேவைக்குச் செய்கிறார்கள், சிலர் லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புகிறார்கள், சிலருக்கு அதுவே சின்ன வியாபாரம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடியில் இருப்பவருக்கு முற்றம் கிடையாது. மொட்டைமாடியில் பரப்பினால் காகம், தூசி, திடீர் மழை. அதனால் ஓர் அறையை ஒதுக்கி, தட்டுகளை அடுக்கி, ஃபேன் போட்டு நிழலில் காயவைப்பதுதான் பெரும்பாலானோரின் வழி. இலையின் பச்சை நிறத்துக்கும் மணத்துக்கும் நிழல்தான் நல்லது.

இந்த ஏற்பாட்டில் கரண்ட் போனால் என்ன செய்வது? புதிதாகத் தொடங்கியவர்கள் எல்லோருக்கும் முதலில் வரும் பயம், காற்றில்லாமல் இலை பூஞ்சணம் பிடித்துவிடும் என்பது. உடனே எல்லா யன்னல்களையும் திறந்துவிடுவார்கள். அதுதான் தவறு. காயும் இலை சில மணி நேரம் காற்றில்லாமல் தாங்கும். ஆனால் கரண்ட் போன நிமிடமே சுற்றுவட்டாரத்தில் நாலு ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிவிடும். அந்தப் புகை ஏறிய இலையைக் கழுவியும் மீட்க முடியாது, வெயிலில் போட்டும் மீட்க முடியாது. ஆகவே முதலில் மூடுங்கள், காற்றைப் பிறகு பார்க்கலாம். கீழே வருவதெல்லாம் இந்த ஒழுங்கை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதுதான்.

புகையில் என்ன இருக்கிறது

டீசல் புகையில் கண்ணுக்குத் தெரியும் கரித்துகள் ஒரு பங்கு. அதோடு எரியாமல் வெளிவரும் எரிபொருளின் ஆவி, கண்ணைக் கரிக்கும் வாயுக்கள், பல்வளைய நறுமண ஐதரோகாபன்கள் என்ற கூட்டுப்பொருட்கள் எல்லாம் சேர்ந்தே வரும். கடைசியாகச் சொன்னவை கரித்துகளில் ஒட்டிக்கொண்டு இலையில் படியும். அவற்றில் பென்சோபைரீன் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் உலர்ந்த மூலிகைகளிலும் வாசனைத் திரவியங்களிலும் அது ஒரு கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. வீட்டு உபயோகத்துக்குச் செய்பவர் இந்த எண்ணை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வெளிநாட்டுக்கு விற்க நினைப்பவர் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

காயும் இலைக்கு இந்தப் புகையை இழுக்கும் குணம் அதிகம். மெல்லிய இலை, பரப்பு பெரிது, மேலே மெழுகுப் படலம், உள்ளே நறுமண எண்ணெய். எரிபொருள் ஆவி எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். கறிவேப்பிலையும் கற்பூரவள்ளியும் புகை மணத்தை வேகமாகப் பிடிப்பது இதனால்தான். முருங்கை இலை கொஞ்சம் தாங்கும் என்றாலும், அதைத் தூளாக்கிக் கஞ்சியில் போட்டுச் சூடாக்கும்போது, அதுவரை தெரியாதிருந்த மணமும் எழும்பிவிடும். வெங்காய வடகம், மோர் மிளகாய் போன்றவையும் இதே கதைதான். நுண்துளை உள்ள ஈரமான பொருள் எல்லாமே புகையைக் குடிக்கும்.

இன்னொன்று காபனோரொட்சைட்டு. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இலைக்கு இது பெரிதாக ஒன்றும் செய்யாது, ஆளைத்தான் கொல்லும். பெற்றோல் ஜெனரேட்டர் டீசலைவிட இதை அதிகம் வெளியிடும். இலையைக் காப்பதற்காகச் செய்கிற எதுவும் வீட்டிலுள்ளவர்களை இந்த வாயுவோடு ஒரே அறையில் அடைக்கக்கூடாது. இதைப் பின்னால் மறுபடியும் சொல்வேன்.

கரண்ட் இருக்கும்போதே செய்து வைக்க வேண்டியது

வேலையின் பெரும்பகுதி இங்கேதான். கரண்ட் போன பிறகு டோர்ச் வெளிச்சத்தில் டேப் தேடிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது.

முதலில் உங்கள் அறைக்குள் காற்று எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். டிஷ்யூ கடதாசியை விரல் அகலத்தில் நீளமாகக் கிழித்து, யன்னல் ஓரம், கதவின் அடிப்பக்கம், குளியலறை லூவர், ஏசி குழாய் சுவரைத் துளைத்து வரும் இடம், மின் வயர் வரும் ஓட்டை என்று ஒவ்வொரு இடமாகப் பிடித்துப் பாருங்கள். கடதாசி உள்பக்கம் ஆடினால் அங்கே காற்று நுழைகிறது. ஊதுபத்தி கொளுத்திப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இலை காயும் அறையில் வேண்டாம், அதுவும் புகைதான். இந்தச் சோதனையை ஃபேன் ஓடும்போது ஒருமுறையும், நிறுத்திவிட்டு ஒருமுறையும் செய்யுங்கள். எக்சோஸ்ட் ஃபேன் போட்டிருந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். அது உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளுவதால், அந்த இடத்தை நிரப்ப ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் வெளிக்காற்று உள்ளே வரும். வெளியே புகை இருந்தால் வருவது புகைதான். பெரும்பாலான வீடுகளில் புகையை உள்ளே கொண்டுவருவது வீட்டு ஃபேன்தான் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

தொடர்மாடியில் இருப்பவர்கள் யன்னலை மட்டும் பார்த்தால் போதாது. கீழ்த்தளத்தில் ஜெனரேட்டர் ஓடும்போது புகை மாடிப்படி வழியாகவும் லிஃப்ட் குழி வழியாகவும் மேலே ஏறும். கட்டிடத்தின் நடுவில் குளியலறைகளுக்கு வெளிச்சத்துக்காக விட்டிருக்கும் திறந்த கிணறு போன்ற இடமும் சிம்னி மாதிரியே வேலை செய்யும். மூன்றாம் மாடியில் இருக்கிறேன், கீழே ஓடும் ஜெனரேட்டர் என்ன செய்யும் என்று நினைக்காதீர்கள்.

அடுத்தது, ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, புகைக்குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேட்டறியுங்கள். காவலாளியிடம் கேட்டால் சொல்வார். பல தொடர்மாடிகளில் கரண்ட் இருக்கும்போதே அதை அவ்வப்போது சில நிமிடம் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த நாளையும் நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காரணம். அந்த நேரத்தில் இலையை மூடிவைக்க வேண்டும். அதோடு, புகை உங்கள் வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது என்று மூக்கால் கண்டுபிடிக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது.

கொழும்பில் காற்றின் திசையையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்தில் ஒரு புறம் கடல், மறுபுறம் காலி வீதி. காலி வீதிக் கடைகள் ஜெனரேட்டரை நடைபாதையிலேயே வைத்து ஓட்டும். பகலில் கடற்காற்று மேற்கிலிருந்து வீசும்போது அந்தப் புகை உள்நாட்டுப் பக்கம் போய்விடும். கடலைப் பார்த்த யன்னல் சுத்தமாக இருக்கும். இரவில் கடற்காற்று ஓய்ந்து தரைப் பக்கமிருந்து மெல்லிய காற்று கடலை நோக்கி நகரும்போது, காலி வீதிப் புகை ஒழுங்கைகள் வழியாகக் கீழே இறங்கி வரும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பலமாக இருக்கும்போது இந்தப் பகல்-இரவு வித்தியாசம் குறைவு. டிசெம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்று வருவதால் தரைப்பக்கப் புகைக்கு வாய்ப்பு அதிகம். உங்கள் வீட்டின் சுத்தமான பக்கம் எது, அது எந்த நேரத்தில் மாறுகிறது என்று ஒரு கடதாசியில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் வீட்டிலிருக்கும் வேறு யாராவதுதான் யன்னலை மூட வேண்டி வரும்.

இப்போது மூடும் ஏற்பாடு. தட்டு அடுக்கை முழுவதும் மறைக்கும் அளவில் ஒரு வெள்ளைப் பருத்திச் சீலை, அதன் மேல் தடித்த பொலித்தீன். இரண்டையும் சேர்த்துச் சுருட்டி அடுக்கின் மேல் விளிம்பில் உடுப்புக் கிளிப்பால் பொருத்தி வையுங்கள். கிளிப்பைக் கழற்றினால் திரை கீழே விழ வேண்டும். சீலை கரித்துகளைப் பிடிக்கும், ஆனால் ஆவியை நிறுத்தாது. பொலித்தீன் ஆவியை நிறுத்தும், ஆனால் உள்ளே ஈரம் வியர்க்கும். இரண்டும் சேர்ந்தால் வியர்வை சீலையில் ஊறும், இலையில் சொட்டாது. பொலித்தீன் புதியதாகவும் மணமற்றதாகவும் இருக்கட்டும். பெயின்ட் கடையில் தரையில் விரிக்க வாங்கிய பழைய தறப்பாள் வேண்டாம்.

சிறிய அளவில் செய்பவருக்கு இன்னும் எளிய வழி உண்டு. பழைய இரும்பு அலுமாரியைத் துடைத்து, தட்டுகளை அதற்குள்ளேயே அடுக்கி, கதவைத் திறந்துவைத்து முன்னால் ஃபேன் போட்டுக் காயவையுங்கள். கரண்ட் போனால் அலுமாரிக் கதவைச் சாத்தினால் வேலை முடிந்தது. இரும்பு மணத்தைப் பிடிக்காது. பிளைவூட் அலுமாரி பிடிக்கும்.

கதவு இடுக்குக்குப் பழைய துவாயைச் சுருட்டி வைத்தால் போதும். லூவர்களுக்குக் கடதாசி அட்டையை அளவாக வெட்டி, மாஸ்கிங் டேப்போடு பக்கத்திலேயே வையுங்கள். வயர், குழாய் வரும் ஓட்டைகளை நிரந்தரமாகவே அடைத்துவிடலாம்.

முழுதும் காய்ந்ததைப் போட மூடியுள்ள பாத்திரங்களும் தயாராக இருக்க வேண்டும். கண்ணாடிப் போத்தல், இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் வாளி, மணமில்லாத பிஸ்கட் டின், எதுவும் சரி. பிளாஸ்டிக் வாளி இரண்டாம் பட்சம்தான். அது புகை மணத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு மெதுவாக உள்ளே விடும்.

தட்டுக்குத் தட்டு வித்தியாசம்

எல்லா இலையும் ஒரே மாதிரி மூடப்பட முடியாது. எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். ஒவ்வொரு தட்டிலும் கழுவிப் பரப்பிய நாளையும் நேரத்தையும் ஒரு துண்டில் எழுதி வைத்தால் இருட்டில் தடுமாற வேண்டாம்.

அன்றைக்குக் கழுவிப் பரப்பிய பச்சை இலைதான் சிக்கலானது. அதை நெருக்கமாக மூடினால் தன் ஈரத்திலேயே சூடேறிப் பழுப்பாகி, புளித்த மணம் வரத் தொடங்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பொலித்தீன் கீழ் வைக்காதீர்கள். மின்வெட்டு நீளும் என்று தெரிந்தால், அந்தத் தட்டிலுள்ளதை எடுத்துக் கடதாசியில் தளர்வாகச் சுற்றி குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் பெட்டி ஏறக்குறைய 4 மணி நேரம் குளிரைக் காக்கும். அதற்குள் கரண்ட் வராவிட்டால் அன்றைய இலையைச் சமைத்துச் சாப்பிட்டுவிடலாம். முருங்கை இலை வறைக்கு இரவுச் சாப்பாட்டில் எப்போதும் இடம் உண்டு.

பாதி காய்ந்து, கையில் எடுத்தால் வளைந்து கொடுக்கும் நிலையில் இருப்பது நல்ல பொறுமைசாலி. சீலையும் பொலித்தீனும் போட்டு மூடிவைத்தால் ஓர் இரவு தாங்கும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கையை உள்ளே விட்டுப் பாருங்கள். இலை வெதுவெதுப்பாக இருந்தாலோ பொலித்தீனின் உட்பக்கம் நீர்த்துளி கோர்த்திருந்தாலோ சீலையை மாற்றிக் காய்ந்த ஒன்றைப் போடுங்கள்.

காம்பை மடித்தால் டக்கென்று உடைய, இலை விரலுக்கிடையில் நொறுங்கினால் அது காய்ந்துவிட்டது. அதை ஒரு நிமிடமும் தட்டில் விட்டுவைக்காதீர்கள், உடனே போத்தலுக்குள் போடுங்கள். காய்ந்த இலைக்குப் புகையோடு இன்னொரு எதிரியும் உண்டு. கொழும்பில் இரவில் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் 80 வீதத்துக்கு மேல்தான். திறந்து கிடந்தால் விடியும் முன் இலை மறுபடியும் தொய்ந்துவிடும். உண்மையில், கரண்ட் இருக்கும் நாளிலும் காய்ந்த தட்டை இரவுக்கு முன் எடுத்து அடைத்துவிடும் பழக்கம் இருந்தால், மின்வெட்டு வரும்போது பாதிப் பிரச்சினை ஏற்கனவே தீர்ந்திருக்கும்.

கரண்ட் போன முதல் பத்து நிமிடம்

குளிர்ந்திருக்கும் டீசல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் எரியாத எரிபொருள் அதிகம் வெளிவரும். வெள்ளைப் புகை கிளம்புவது அப்போதுதான். பெரிய கட்டிடங்களில் ஜெனரேட்டர் தானாகவே சில வினாடிகளில் ஓடத் தொடங்கும். ஆகவே முதல் சில நிமிடங்கள்தான் மிக மோசமானவை. இந்த ஒழுங்கில் செய்யுங்கள்:

1. அறையில் உள்ள எல்லா ஃபேன்களின் சுவிட்சையும் நிறுத்துங்கள், எக்சோஸ்ட் ஃபேனை முதலில். கரண்ட்தான் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் கட்டிடத்தின் ஜெனரேட்டர் வீடுகளுக்கும் மின்சாரம் கொடுக்குமானால், புகை கிளம்பும் அதே நேரம் உங்கள் ஃபேனும் சுழலத் தொடங்கும்.

2. திரையைக் கீழே விடுங்கள், அல்லது அலுமாரியைச் சாத்துங்கள்.

3. யன்னல்களை மூடி, லூவருக்கு அட்டை வைத்து, வெளியே வந்து கதவைச் சாத்தி, இடுக்கில் துவாயை வையுங்கள்.

அவ்வளவுதான். காய்ந்த தட்டுகளை அடைப்பது, பச்சை இலையைப் பெட்டிக்குள் வைப்பது எல்லாம் இதற்குப் பிறகு ஆறுதலாகச் செய்யலாம்.

அந்த அறைக்குள் மெழுகுதிரி, குப்பி விளக்கு, நுளம்புச் சுருள் எதுவும் போகக்கூடாது. ஜெனரேட்டர் புகைக்கு அத்தனை பாடுபட்டுக் கதவடைத்துவிட்டு, நுளம்புக் கடி தாங்காமல் உள்ளே சுருள் கொளுத்தி வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். சாம்பிராணியும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை மாலையில் கரண்ட் போனால் சாமியறையை மட்டும் புகையுங்கள்.

மூடிய அறைக்குள் ஆள் தூங்கக்கூடாது. யன்னல் மூடியிருந்தாலும் காபனோரொட்சைட்டு இடுக்குகள் வழியே வரும், வந்தது வெளியேறவும் வழியிருக்காது. வீட்டிலுள்ளவர்கள் சுத்தமான பக்கத்து யன்னலைத் திறந்துவைத்து அங்கே இருங்கள். ஒரே நேரத்தில் பலருக்குத் தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் வந்தால் அது சூட்டினால் என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். எல்லோரும் உடனே வெளியே திறந்த இடத்துக்குப் போய், 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். பற்றரியில் இயங்கும் காபனோரொட்சைட்டு அலாரம் ஒன்று வாங்க முடிந்தால், இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லாவற்றையும்விட அதற்கு முதலில் செலவழியுங்கள். முகக்கவசம் வாயுவைத் தடுக்காது, N95 வகை ஆனாலும் சரி.

உங்களிடமே ஜெனரேட்டர் இருந்தால்

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் வாங்கிய சின்ன ஜெனரேட்டர் பல வீடுகளில் இன்னும் ஒரு மூலையில் இருக்கிறது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் கரண்ட் போனபோது அவற்றில் பல மறுபடியும் வெளியே வந்தன.

ஜெனரேட்டர் எந்த யன்னலிலிருந்தும் கதவிலிருந்தும் குறைந்தது 20 அடி, அதாவது 6 மீற்றர் தள்ளி, வெட்டவெளியில் இருக்க வேண்டும். புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். பல்கனி, கராஜ், மாடிப்படிக்குக் கீழ், நடைபாதைக்கூடம் எதுவும் வெட்டவெளி ஆகாது. கொழும்பு ஒழுங்கையில் ஒட்டி ஒட்டி இருக்கும் வீடுகளில் 6 மீற்றர் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். கிடைக்காது. அப்படியானால் அந்த வீட்டில் ஜெனரேட்டர் ஓட்டக்கூடாது. உங்கள் யன்னலிலிருந்து தள்ளி வைக்கிறேன் என்று பக்கத்து வீட்டு யன்னலுக்கு அடியில் வைப்பதும் தீர்வல்ல.

இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் சுவர் பிளக்கில் ஜெனரேட்டரைச் சொருகும் பழக்கம் சிலரிடம் உண்டு. அந்த மின்சாரம் வெளி லைனுக்குப் போய், கம்பத்தில் ஏறி வேலை செய்பவரைக் கொல்லும். மின்தொழிலாளியை அழைத்து, வீட்டு வயரிங்கை வெளி லைனிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள், இல்லையென்றால் தேவையான பொருளை நேரடியாக ஜெனரேட்டரில் தடித்த வயரால் இணையுங்கள். எஞ்சின் ஆறிய பிறகே பெற்றோல் ஊற்றுங்கள். ஊற்றிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் இலைத் தட்டைத் தொடாதீர்கள். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஒரு தட்டு கறிவேப்பிலையைக் கெடுக்க விரலில் ஒட்டிய பெற்றோல் போதும்.

பற்றரியில் ஒரு சின்ன ஃபேன்

இலை காய்வதற்குப் பெரிய காற்று தேவையில்லை, மெல்லிய அசைவு போதும். அதற்கு ஜெனரேட்டர் ஓட்டுவது வீண்செலவு.

20,000 மில்லி அம்பியர் மணி கொண்ட பவர் பாங்கில் ஏறக்குறைய 74 வாட் மணி சக்தி இருக்கும். இழப்பெல்லாம் போக 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 வாட் யூஎஸ்பி ஃபேன் ஒன்றை அது ஏறக்குறைய 12 மணி நேரம் ஓட்டும். இன்னும் கொஞ்சம் வேண்டுமானால், யூபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 அம்பியர் மணி பற்றரியில் 84 வாட் மணி உண்டு. ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்கு மேல் வடிய விட்டால் அதன் ஆயுள் குறையும், ஆகவே 42 தான் கணக்கு. கணினிக்குள் இருக்கும் 12 வோல்ட் ஃபேன் ஒன்று 3 வாட் அளவில்தான் எடுக்கும்; இரண்டைப் பொருத்தினாலும் ஏறக்குறைய 7 மணி நேரம் தாங்கும். மின்சாரத்தால் சூடாக்கிக் காயவைக்கும் டிஹைட்ரேட்டரைப் பற்றரியில் ஓட்ட நினைக்காதீர்கள். அது சில நூறு வாட் கேட்கும். அணைத்துவிட்டு, கதவை மூடியபடியே விடுங்கள்.

இந்தச் சின்ன ஃபேன் மூடிய அலுமாரிக்குள் அல்லது திரைக்குள் இருக்க வேண்டும், உள்ளே உள்ள காற்றையே சுழற்ற வேண்டும். யன்னலில் வைத்து வெளிக்காற்றை இழுக்கக்கூடாது. உள்ளே ஈரம் கூடாமல் இருக்க, சுப்பர் மார்க்கெட்டில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பி ஒன்றைக் கீழ்த்தட்டில் வைக்கலாம். அதில் சேரும் தண்ணீர் உப்புக் கரைசல், இலையில் சிந்தினால் அந்தத் தட்டு போய்விடும்.

கட்டிட ஜெனரேட்டர் உங்கள் ஏசிக்கும் மின்சாரம் தருமானால் அது அதிர்ஷ்டம். சுவரில் மாட்டும் சாதாரண ஏசி உள்காற்றையே குளிர்வித்து ஈரத்தையும் பிரித்தெடுக்கும், வெளிக்காற்றை இழுக்காது. ஃபேனுக்குப் பதில் அதை ஓட்டுங்கள். யன்னலில் பொருத்தும் பழைய வகையில் காற்றுத் துவாரம் ஒன்று இருக்கும். அது மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கரி வடிகட்டி பற்றியும் கேட்பார்கள். நம் நாடு தேங்காய்ச் சிரட்டைக் கரியிலிருந்து செய்து ஏற்றுமதி செய்கிற, அக்டிவேற்றட் காபன் என்று கடையில் சொன்னால் தெரியும் பொருள் அது. எரிபொருள் ஆவியை அது நன்றாகப் பிடிக்கும். ஆனால் காற்றை அதன் ஊடாக ஃபேன் தள்ள வேண்டும். கிண்ணத்தில் போட்டு மூலையில் வைத்தால் பெரிய பயன் இல்லை. ஈரப்பதன் கூடிய காற்றில் அதன் திறனும் குறையும், காபனோரொட்சைட்டை அது பிடிக்கவே பிடிக்காது. அடுப்புக்கரி இந்தக் கணக்கிலேயே வராது. என் அபிப்பிராயத்தில், வீட்டளவில் செய்பவர் அந்தக் காசுக்கு நல்ல மூடியுள்ள பாத்திரங்கள் வாங்கலாம்.

கரண்ட் வந்த பிறகு

லைட் எரிந்ததும் ஓடிப்போய் ஃபேன் போடாதீர்கள். கட்டிட ஜெனரேட்டர்கள் கரண்ட் வந்த பிறகும் எஞ்சின் ஆறுவதற்காகச் சில நிமிடம் ஓடும். தெருவில் ஒரு கடைக்காரர் நிறுத்த மறந்திருப்பார். சத்தம் முழுவதும் அடங்கும்வரை காத்திருந்து, பிறகு சுத்தமான பக்கத்து யன்னலைத் திறந்து, இலை மூடியிருக்கும்போதே அறைக்கு அரை மணி நேரம் காற்று விடுங்கள். அலுமாரியின் வெளிப்பக்கத்தையும் தரையையும் ஈரத்துணியால் துடைத்த பிறகு திரையை எடுங்கள். பொலித்தீனின் வெளிப்பக்கத்தில் படிந்த கரி இலையில் உதிராதபடி, உட்புறமாக மடிக்காமல் வெளிப்புறமாகச் சுருட்டிக் கழற்றுங்கள்.

இப்போது சோதனை. வெளியே போய்ச் சில நிமிடம் நல்ல காற்றைச் சுவாசித்துவிட்டு வாருங்கள். புகை மணத்துக்குப் பழகிய மூக்கு எதையும் கண்டுபிடிக்காது. ஒரு பிடி இலையைச் சுத்தமான கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடி, அரை மணி நேரம் கழித்துத் திறந்து முகருங்கள். வீட்டிலேயே இருக்காமல் வெளியிலிருந்து வந்தவர் யாராவது இருந்தால் அவரிடமும் கொடுங்கள். வெள்ளை டிஷ்யூவால் தட்டின் ஓரத்தைத் துடைத்துச் சாம்பல் நிறம் வருகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் இலையை வெந்நீரில் போட்டு மூடி வைத்து, திறந்தவுடன் வரும் ஆவியை முகருங்கள். குளிரில் ஒளிந்திருக்கும் டீசல் மணம் சூட்டில் வெளியே வரும்.

மணம் இருந்தாலோ டிஷ்யூ கறுத்தாலோ அந்தத் தட்டைக் கொட்டிவிடுங்கள். வெயிலில் ஒரு நாள் போட்டால் மணம் போய்விடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். மணம் ஓரளவு போகும், உண்மைதான். கரித்துகளும் அதில் ஒட்டியவையும் போகாது, மணம் போன பிறகு அவை இருப்பதே தெரியாது என்பது இன்னும் மோசம். நல்ல தட்டோடு கலந்து மணத்தை மறைப்பதும் வேண்டாம், அது இரண்டையும் கெடுக்கும். விற்பவர்களுக்கு இதில் பேச்சே இல்லை. உரத்துக்குப் போடுவதானாலும் கீரை வளர்க்கும் தொட்டிக்குப் போடாமல் பூச்செடிக்குப் போடுங்கள்.

சுத்தமாக இருந்த தட்டுகளைப் புகைக்காக மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். புழுங்கிய மணம், விரலில் ஒட்டும் பிசுபிசுப்பு, காம்பு முனையில் வெள்ளைப் பஞ்சு போன்ற படலம் இருந்தால் அது பூஞ்சணம், அதுவும் குப்பைக்கே. மற்றவற்றை மெல்லியதாகப் பரப்பி, ஃபேனை நேரடியாக இலைமேல் திருப்பாமல் சுவர்ப்பக்கம் திருப்பி, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். மூடியிருந்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு கூடுதலாகக் காயவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். போத்தலில் அடைத்தவற்றையும் அடுத்த நாள் ஒருமுறை திறந்து பாருங்கள். நொறுங்க வேண்டிய இலை வளைந்தால் மறுபடியும் தட்டுக்குப் போக வேண்டும்.

தொடர்மாடிக் கொமிற்றிக் கூட்டத்தில் ஜெனரேட்டர் புகைக்குழாயைக் கூரைக்கு மேல் ஏற்றிவிடும்படி கேட்கலாம். இலைக்காக என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். குழந்தைகளும் வயதானவர்களும் தூங்கும் அறைகளுக்குள் அந்தப் புகை வருகிறது என்று சொல்லுங்கள். அதுதான் பெரிய விஷயமும்கூட.